கட்டி கரைக்கும் ஆய்வுக்கூடம்

கொரோனாவின் இரண்டாவது அலை ஓடிக்கொண்டிருந்தபோது, எங்கள் முடிச்சூர் அடுக்குமாடியின் வாட்சப் குழுவில் செயலாளர் ஒரு கேள்வி போட்டார். "டிவியில சைட்டோகைன் புயல், சைட்டோகைன் புயல்னு சொல்லிட்டே இருக்காங்க. எங்க கரையைக் கடக்குது? காரையெல்லாம் இப்பவே மேம்பாலத்துல கொண்டுபோய் விட்டுடலாமா?"

கேலி செய்ய மனம் வரவில்லை. பெருவெள்ளத்தில் தன் கார் மிதந்து போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். நான் பொறுமையாக எழுதினேன்: இது வானத்தில் அடிக்கும் புயல் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ளச் சில புரதங்களைச் சுரக்கின்றன. அந்தச் செய்தி அளவுக்கு மீறிப் போனால் உடம்பு தன்னையே தாக்கும். அதற்குத்தான் அந்தப் பெயர். இவ்வளவும் எழுதி முடித்த பிறகு இரண்டாம் மாடிக்காரர் பதில் போட்டார்: "அப்போ மழை இருக்கா இல்லையா மேடம்?"

அன்று மாலை கீழ்வீட்டுப் பவித்ரா படியேறி வந்து, தள்ளியே நின்றாள். மேடவாக்கத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண். "ஆன்ட்டி, நீங்க இந்த லைன்லயா இருந்தீங்க? எங்க லேப்ல ரத்தத்தை மெஷின்ல வெச்சுட்டு டீ குடிச்சிட்டு வந்தா ரிசல்ட் ரெடியா இருக்கும். உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிப் பார்த்தீங்க?"

"எலியை வெச்சு" என்றேன்.

முகக்கவசத்துக்குள் அவள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். படிக்கட்டில் உட்கார வைத்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், விலங்கியல் பட்டமும் ஆய்வக உதவியாளர் பயிற்சியும் முடித்துவிட்டு, சேலையூர் தாண்டி மேடவாக்கம் போகிற சாலையில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தேன். ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய நெஞ்சக மருத்துவமனையின் வளாகத்திலேயே, பின்பக்கம் ஓடு வேய்ந்த கட்டடம். சுற்றிலும் வயல். இன்று அந்த இடத்தில் நீச்சல்குளத்தோடு அடுக்குமாடி நிற்கிறது. முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குழாய்கள் கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. குழாய்கள் சுத்தமாக இருந்தன.

எங்கள் தலைவர் டாக்டர் வைதேகி. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை. யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை, வாசலில் படுத்திருந்த நாயைக்கூட "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?" என்றுதான் கேட்பார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "ஸ்டெல்லா, இதைப் பாருங்க" என்றால் எல்லாம் நலம். "தயவுசெஞ்சு பாருங்க" என்றால் எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறேன். "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா" என்று தொடங்கினால் ஒரு வார வேலை பாழ். அதற்கும் மேலே "அன்புகூர்ந்து" என்று ஒன்று உண்டு என்று மூத்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். அதுவரை நான் கேட்டதில்லை.

மேடம் தேடிக்கொண்டிருந்தது அந்தச் செய்திப் புரதங்களில் ஒன்றை. ஆங்கிலத்தில் ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர், சுருக்கமாக டி.என்.எஃப். சுண்டெலிகளின் உடம்பில் இருந்த புற்றுக்கட்டியை அது அழுக வைத்ததைப் பார்த்துவிட்டு யாரோ அவசரப்பட்டு வைத்த பெயர். பிறகு பார்த்தால், காய்ச்சலை ஏற்றுவது, பசியை அடக்குவது, சதையை உருக்குவது என்று அதற்கு வேறு பல வேலைகள் இருந்தன. காசநோயாளிகள் எலும்பும் தோலுமாகப் போவதற்குக் கிருமி மட்டும் காரணமில்லை, கிருமியைப் பார்த்து உடம்பு போடும் இந்தக் கூச்சலும் ஒரு காரணம் என்று மேடம் சந்தேகப்பட்டார்.

அந்தக் கூச்சலை அளக்க எங்களிடம் மெஷின் இல்லை. எலி இருந்தது. எலி என்றால் முழு எலி அல்ல. நான் பிறப்பதற்கு முன்பே எங்கோ அயல்நாட்டில் செத்துப்போன ஒரு சுண்டெலியின் செல்கள். எலி போய்ச் சேர்ந்துவிட்டது, செல்கள் மட்டும் குப்பிக்குள் பெருகிக்கொண்டே உலகம் முழுக்கப் போயின. எங்களுக்கும் ஒரு குப்பி வந்தது. அவற்றுக்கு நம் உடம்புச் சூடு வேண்டும், கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீர் கலந்த சாப்பாடு வேண்டும், பண்டிகை நாளிலும் வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து நேராக எலி செல்லுக்குச் சாப்பாடு போடப் போயிருக்கிறேன். மின்சாரம் போனால் சூட்டுப்பெட்டியைப் போர்வையால் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் பாட்டில்களை அடுக்குவோம். பிரசவ வீட்டில்கூட அவ்வளவு பதற்றம் இருக்காது.

சோதனை இதுதான். சிறு குழிகள் வரிசையாக உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்க்க வேண்டும். குழிக்குள் நோயாளியின் ரத்தத் தெளிநீரைச் சொட்டு விட வேண்டும். மறுநாள் ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவ வேண்டும். உயிரோடு ஒட்டியிருக்கும் செல்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதம் இருந்தால் செல்கள் செத்து உதிர்ந்து, குழி வெளுத்துப் போகும். ஊதா என்றால் அமைதி, வெள்ளை என்றால் கூச்சல்.

ஆனால் செல் வேறு காரணத்தாலும் சாகலாம். அதனால் ஒவ்வொரு தட்டிலும் சாட்சிக் குழிகள் இருக்கும். சிலவற்றில் எதுவும் விடமாட்டோம். சிலவற்றில் நோயாளியின் தெளிநீரோடு, அந்தப் புரதத்தை மட்டும் கட்டிப்போடும் எதிர்ப்பொருளையும் சேர்ப்போம். அங்கே மட்டும் செல்கள் பிழைத்தால், கொன்றது அந்தப் புரதம்தான் என்று சொல்லலாம். தட்டைப் பார்க்கும்போது மேடம் அடையாள எண்களைத் தன் புடவைத் தலைப்பால் மூடிவிடுவார். எது யாருடையது என்று தெரியாமலேயே நான் வரிசையாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் எப்போதும் அதே கேள்வி: "சரி, இந்தத் தட்டு நம்மகிட்ட பொய் சொல்லுதுன்னா, எப்படிச் சொல்லும்?"

அந்த ஊதாச் சாயம் விரலை விட்டுப் போகாது. ஒரு தேர்தலில் ஓட்டுப் போடப் போனபோது சாவடியில் இருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "ஏற்கனவே போட்டுட்டீங்களேம்மா" என்றார். பத்து விரலையும் நீட்டினேன். "பத்து வாட்டியா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். மேடம் வந்து சொல்லித்தான் ஓட்டுப் போட்டேன். மேடத்தின் விரலும் ஊதாவாக இருந்ததால் முதலில் அவர் பேச்சை நம்ப வைக்க வேண்டியிருந்தது.

இப்படி ஊருக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த கூடத்துக்கு ஊர் திரண்டு வந்தது தணிகாசலம் சாரால். அவர் எங்கள் அலுவலக மேலாளர். நல்ல மனிதர், தமிழ் மேல் உயிர். பெயர்ப்பலகை தமிழிலும் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னதும் அகராதியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலப் பலகையில் இருந்த ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர் லேப், முதலில் 'கட்டி நசிவுக் காரணி ஆய்வுக்கூடம்' என்று வந்ததாம். சாலையில் போகிறவனுக்குப் புரிய வேண்டாமா என்று யோசித்து, 'கட்டி கரைக்கும் ஆய்வுக்கூடம்' என்று எளிமைப்படுத்தினார். யாரிடமும் கேட்கவில்லை, எங்களை மகிழ்விக்க நினைத்தார். எழுத வந்த பெயிண்டர் வழக்கமாகக் கிளினிக்குகளுக்கு எழுதுபவர். கீழே இடம் காலியாக இருந்ததால் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: 'ஆபரேஷன் இன்றி'. அதற்கும் கீழே எங்கள் கதவைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி.

மறுநாள் காலை நான் பேருந்தை விட்டு இறங்கியபோது வாசலிலிருந்து சாலை வரை கூட்டம். முதுகில் கொழுப்புக்கட்டிக்காரர், கண்கட்டியோடு ஒரு பெண், கழுத்தில் கழலை தொங்கிய ஒரு பெரியவர், உட்கார மறுத்து நின்றுகொண்டே இருந்த ஒருவர். மேடவாக்கத்திலிருந்து ஒரு விவசாயி, நுகம் பட்டு வீங்கிய கழுத்தோடு தன் காளையை ஓட்டி வந்திருந்தார். தணிகாசலம் சார் மகிழ்ச்சியாக டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். காளைக்கும் ஒன்று கொடுத்திருந்தார்.

மேடம் வந்தார். பலகையைப் படித்தார். அம்புக்குறியைப் பார்த்தார். காளையைப் பார்த்தார்.

"தணிகாசலம் சார்" என்றார் மெதுவாக. "அன்புகூர்ந்து ஒரு நிமிஷம் உள்ளே வர இயலுமா?"

உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. வெளியே வந்த சார் தண்ணீர் கேட்டார். பலகையை உடனே அழிக்க முடியவில்லை. பெயிண்டர் கேளம்பாக்கத்தில் சுவர் எழுதப் போயிருந்தார். ஒரு படுக்கை விரிப்பால் மூடினோம். காற்றில் விரிப்பு தூக்கும்போதெல்லாம் 'ஆபரேஷன் இன்றி' மட்டும் தெரிந்தது. அது முன்னைவிட அதிகம் பேரை இழுத்தது.

மேடம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். திட்டிவிட்டுப் போனார்கள். காளைக்காரர் மட்டும், வந்ததற்குத் தடவிக்கொடுத்தாவது அனுப்புங்கள் என்றார். மேடம் வெளியே வந்து காளையைத் தடவிக்கொடுத்தார். கடைசியில் ஒரே ஒரு பெண் நகராமல் நின்றாள். தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கும் கன்னியம்மா. முப்பது வயதிருக்கும். கழுத்தில் இரண்டு பக்கமும் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"அம்மா, இங்க கட்டிக்கு மருந்து இல்லை. இது ஆராய்ச்சி பண்ற இடம்" என்றேன்.

"இன்னாமா பேசற? போர்டுல கரைக்கிறோம்னு எழுதி வெச்சுக்கினு, உள்ள வந்தா இல்லைன்ற. நான் சொத்தைக் கத்திரிக்காயை வெச்சுக்கினு நல்ல காய்னு கூவுனா நீ சும்மா வுடுவியா?"

குரல் கரகரத்தது. மூச்சை இழுக்கும்போது சன்னமாக ஒரு விசில் சத்தம் வந்தது. மேடம் அதைக் கேட்டதும் திரும்பினார். "உக்காருங்கம்மா. துண்டை எடுக்கறீங்களா?"

கழுத்து நிறைய நெறிகள். ஒன்று உடைகிற நிலையில் பளபளத்தது. காசநோய் நெறிக்கட்டி என்று முன்பே கண்டுபிடித்து, சரியான மாத்திரைகளையே அவள் வீட்டுப் பக்கத்து டாக்டர் கொடுத்திருந்தார். கன்னியம்மா ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டிருந்தாள். முதலில் காய்ச்சல் விட்டது, பசி வந்தது, உடம்பு தேறியது. பிறகு திடீரென்று காய்ச்சல் திரும்பியது, நெறிகள் பழையபடி இல்லை, பழையதைவிடப் பெரிதாக வளர ஆரம்பித்தன.

"அந்த மாத்திரைதான் கட்டிக்குத் தீனி போடுது டாக்டரம்மா. இன்னியோட நிறுத்திடலாம்னு கீறேன். கூவ முடியல. கூவலைன்னா மார்க்கெட்டுல எவன் திரும்பிப் பாப்பான்?"

"நிறுத்தாதீங்க" என்றார் மேடம். அவளைக் கையோடு மருத்துவமனைக் கட்டடத்துக்கு அழைத்துப்போனார்.

அங்கே நெஞ்சக மருத்துவர் டாக்டர் மோகன்ராஜ். பெரிய உருவம், படபடவென்று பேசுவார், நோயாளிகளை விட்டுப் பிரியமாட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கழுத்தில் மட்டுமில்லை, மார்புக்குள்ளும் நெறிகள் வீங்கி மூச்சுக்குழாயை நெருக்கிக்கொண்டிருந்தன. விசில் அங்கிருந்துதான் வந்தது. இன்னும் கொஞ்சம் வீங்கினால் மூச்சு நின்றுவிடும்.

"மருந்துக்கு அடங்காத கிருமி மேடம்" என்றார் அவர். "மாத்திரை சாப்பிட்டும் வளருதுன்னா வேற என்ன? மருந்தை மாத்தணும்."

"இருக்கலாம் டாக்டர். ஆனா முதல்ல நல்லா தேறியிருக்காங்க. கிருமி அடங்கலைன்னா அது எப்படி? கிருமி செத்துட்டிருக்கு, செத்த கிருமியோட துண்டுகளைப் பார்த்து உடம்பு அலறுதுன்னு நான் நினைக்கறேன்."

"அப்படின்னா ஸ்டீராய்டு குடுத்து அடக்கணும். அந்தக் கிருமி உயிரோட இருந்துட்டா? எதிர்ப்புச் சக்தியை நானே அமுக்கி வெச்சு, உடம்பு முழுக்கப் பரவ விட்ட மாதிரி ஆகும்."

இருவர் சொன்னதும் சரி. அதுதான் சிக்கல். கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுத்த சீழை நுண்ணோக்கியில் பார்த்தோம். கிருமிகள் சில தெரிந்தன. ஆனால் முழுசாக இல்லை, உடைந்து துணுக்குகளாகக் கிடந்தன. உயிர் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல அவற்றை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கன்னியம்மாவின் மூச்சுக்கு அவ்வளவு நாள் இல்லை.

"உங்க எலித் தட்டுல போட்டுப் பாருங்களேன்" என்றார் டாக்டர் மோகன்ராஜ்.

"பார்க்கறேன். ஆனா அதை வெச்சு முடிவெடுக்காதீங்க. அது வைத்தியத்துக்கான சோதனை இல்லை. கூச்சல் இருக்கான்னு சொல்லும், ஏன் இருக்குன்னு சொல்லாது."

"அப்போ எதுக்கு மேடம் அந்தத் தட்டு?"

மேடம் சீழ்க் குழாயை என் கையில் வைத்தார்.

சீழின் தெளிநீரையும் ரத்தத்தின் தெளிநீரையும் குழிகளில் விட்டேன். மறுநாள் சாயம் ஊற்றுகிற நேரத்தில் உள்ளாட்சியிலிருந்து ஒரு சுகாதார ஆய்வாளர் வந்து நின்றார். கட்டி கரையாமல் திரும்பிப் போன யாரோ, இங்கே உரிமமில்லாமல் எலி வளர்க்கிறார்கள் என்று புகார் சொல்லியிருந்தார்கள்.

"எலியைக் காட்டுங்க" என்றார்.

தணிகாசலம் சார் அவரை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்துக் குப்பியை வைத்தார். அவர் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார்.

"எங்க சார் எலி?"

"இதுதான் சார்."

"இது ஏதோ புள்ளி புள்ளியா இருக்கு. செத்துப்போச்சா?"

"எலி செத்துடுச்சு. இது உயிரோட இருக்கு."

"எலி செத்துடுச்சுன்னா எது உயிரோட இருக்கு?"

"எலியோடதுதான் சார். ஆனா எலி இல்லை."

"தப்பிச்சு ஊருக்குள்ள போயிடுமா?"

"கால் கிடையாது சார்."

ஆய்வாளர் எழுந்து நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எல்லாம் படிச்சவங்க" என்று மட்டும் சொன்னார். போகும்போது, பின்கழுத்தைத் தொட்டுக் காட்டி, தனக்கும் ஒரு கட்டி இருக்கிறது, பார்க்க முடியுமா என்று தணிகாசலம் சாரிடம் மெதுவாகக் கேட்டார்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே நான் தட்டைக் கழுவி முடித்திருந்தேன். மேடம் தலைப்பால் எண்களை மூடினார். நான் வாசித்தேன். ஊதா, ஊதா, ஊதா. பிறகு வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. நான் அதுவரை பார்த்த தட்டுகளில் அவ்வளவு சுத்தமான வெள்ளை கிடையாது. கழுவி வைத்த டம்ளர் மாதிரி இருந்தது. அதற்குக் கீழே, எதிர்ப்பொருள் சேர்த்த சாட்சிக் குழிகள் திரும்பவும் ஊதா.

மேடம் தலைப்பை விலக்கினார். வெள்ளைக் குழிகள் இரண்டும் கன்னியம்மாவின் சீழ். ரத்தத்தில் ஒன்றுமில்லை; கூச்சல் முழுக்கக் கட்டிக்குள்ளேயே இருந்தது.

கட்டி கரைக்கும் ஆய்வுக்கூடம் என்று பலகையில் எழுதி வைத்திருந்தோம். கட்டியை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருந்ததே அந்தப் புரதம்தான் போலிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மேடம் அடக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி ஸ்டெல்லா, இது பொய் சொல்லுதுன்னா எப்படிச் சொல்லும்?" என்றார்.

"கிருமி உயிரோட இருந்தாலும் இதே மாதிரிதான் வெளுத்திருக்கும் மேடம்."

"அதேதான். இதையும் சேர்த்து அவர்கிட்ட சொல்லிடலாம்."

சொன்னார். டாக்டர் மோகன்ராஜ் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வராந்தாவில் நாலைந்து முறை நடந்தார். வார்டில் கன்னியம்மா படுக்க முடியாமல், தலையணையைக் கட்டிப்பிடித்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விசில் இப்போது வாசல் வரை கேட்டது.

"முதல்ல தேறினாங்க, அது ஒண்ணு. கிருமி உடைஞ்சு கிடக்கு, அது ஒண்ணு. மாத்திரையை விடாம சாப்பிட்டிருக்காங்க, அது ஒண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இந்தத் தட்டை நான் கணக்குல எடுத்துக்கலை மேடம். ஆனா பார்த்துட்டேன், பார்க்காத மாதிரி இருக்கவும் முடியலை." பிறகு நர்ஸைக் கூப்பிட்டார். காசநோய் மாத்திரைகள் அப்படியே தொடரட்டும், கூடவே ஸ்டீராய்டு.

அடுத்த சில நாட்கள் எங்கள் கூடத்தில் யாரும் சரியாக வேலை செய்யவில்லை. செல்களுக்குச் சாப்பாடு போடுவேன், வார்டு வாசலுக்குப் போய் நிற்பேன், காதைத் தீட்டிக் கேட்பேன். மேடமும் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு அங்கே வருவார். தணிகாசலம் சார் பிரசாதத் தட்டோடு வந்தார். டாக்டர் மோகன்ராஜ் காய்ச்சல் அளவைத் தானே எடுத்தார், நர்ஸ் எடுத்ததை நம்பாமல்.

முதலில் காய்ச்சல் இறங்கியது. பிறகு ஒரு காலையில் நான் வராந்தாவில் நின்றபோது விசில் கேட்கவில்லை. உள்ளே ஓடினேன். கன்னியம்மா மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பல நாட்களுக்குப் பிறகு படுத்துத் தூங்குகிறாள் என்று பக்கத்துப் படுக்கைக்காரி வாயில் விரலை வைத்து என்னை அடக்கினாள்.

நெறிகள் வாடத் தொடங்கின. ஸ்டீராய்டால் அவள் முகம் உப்பி வட்டமானது. வளர்க்க வைத்திருந்த சீழில் வாரங்கள் கழிந்தும் எதுவும் முளைக்கவில்லை. கிருமி ஏற்கனவே செத்திருந்தது. அதற்குள் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஸ்டீராய்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார் டாக்டர். காசநோய் மாத்திரைகளை அவள் கடைசிவரை சாப்பிட்டு முடித்தாள்.

ஒருநாள் மறுபரிசோதனைக்கு வந்தவள் மேடத்தின் முன்னால் உட்கார்ந்து நேராகவே கேட்டாள். "மாத்திரை பூச்சியைக் கொன்னுட்ச்சுன்றீங்க. அப்பால இன்னாத்துக்குக் கட்டி வளந்துச்சு?"

"உங்க உடம்பு சண்டை போட்டுட்டே இருந்ததும்மா. எதிரி செத்தது அதுக்குத் தெரியலை."

கன்னியம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இவ்ளோ பெரிய உடம்புல, சண்டை முடிஞ்சு போச்சுன்னு அதாண்ட போய்ச் சொல்ல ஒரு ஆளு கெடையாதா?"

"உண்டும்மா. அதுக்கும் புரதங்கள் உண்டு. சில நேரம் அது சொல்றது கேக்கறதில்லை."

"மார்க்கெட்டு மாதிரி" என்றாள் கன்னியம்மா. அவளுக்குப் புரிந்துவிட்டது. முறையாகப் படித்த எனக்கு அதன் பிறகுதான் நன்றாகப் புரிந்தது என்று பவித்ராவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

அந்தத் தட்டை மேடம் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. ஒரு நோயாளி, ஒரு கட்டி, இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார். சரியான பேச்சுதான். ஆனால் அதன் பிறகு மருத்துவமனையில் மாத்திரை சாப்பிட்டும் கட்டி வளர்ந்து யாராவது வந்தால், டாக்டர் மோகன்ராஜ் உடனே மருந்தை மாற்றச் சொல்லாமல், முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஆரம்பத்துல தேறினீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் மேடம் ஓய்வு பெற்றார். அதற்குள் அவர் கைவிரல்கள் மூட்டு மூட்டாக வீங்கிக் கோண ஆரம்பித்திருந்தன. முடக்குவாதம். சேலையூர் வீட்டுக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ஒருநாள் அயல்நாட்டு மருத்துவ இதழ் ஒன்றை என்னிடம் நீட்டினார். முடக்குவாதத்தில் மூட்டை அரிப்பதும் அதே புரதம்தானாம். அதைக் கட்டிப்போடும் ஊசி மருந்து வந்துவிட்டது, விரல்கள் நீள்கின்றன என்று எழுதியிருந்தது.

"அடுத்தவங்க ரத்தத்துல தேடினோம் ஸ்டெல்லா" என்றார். "என் கையிலேயே இருந்திருக்கு. பாருங்க, எவ்வளவு அநியாயம்!" சொல்லிவிட்டு, அன்று தட்டைப் பார்த்துச் சிரித்த மாதிரியே சிரித்தார்.

"எப்படியாவது வரவழைச்சுப் போட்டுக்கலாமே மேடம்?"

"இத்தனை வருஷம் காசநோய் வார்டுல சுத்தியிருக்கேன். என் நுரையீரல்ல எங்கேயாவது கிருமி தூங்கிட்டிருக்கும். அதை எழுந்துக்க விடாம சுத்தி நின்னு காவல் காக்கறதும் இதே புரதம்தான். எலிகள்ல பார்த்திருக்காங்க, இதைக் கட்டிப்போட்டா கிருமி எழுந்துடுது. விரல் நீளணும்னு அதை எழுப்பி விடணுமா?"

அப்படியே நடக்கும் என்று சில வருடங்கள் கழித்து உலகம் கண்டது; அந்த ஊசிக்கு முன்னால் இப்போது காசநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அன்று அது எங்கள் இருவருக்கும் ஒரு யோசனை மட்டும்தான். உள்ளே போய்க் காபி போட்டு எடுத்து வந்தேன். டம்ளரைப் பிடித்துக் கொடுக்கக் கை நீட்டியபோது அவர் தலையை ஆட்டி மறுத்தார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் டம்ளரை வைத்து, மெதுவாக உயர்த்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்து முடித்தார்.

"சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றார்.